சரியா, தவறா என்பதற்கு முன் ‘எவ்வளவு?’

வினாடி வினாக்களில் ‘சரியா, தவறா’ சுற்றுதான் பலருக்கும் பிடித்தது. ஒரு வாக்கியம் வரும், ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அறிவியலுக்கு இந்த வடிவம் அவ்வளவாகப் பொருந்துவதில்லை. மக்களிடம் ஊறிப்போன தவறான கருத்துகளில் நிறைய, முழுப் பொய் அல்ல. உள்ளே உண்மையான ஏதோ ஒரு விளைவு இருக்கும், அதன் அளவுதான் பிசகியிருக்கும். ‘தவறு’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால், கேட்டவர் அந்த உண்மைத் துணுக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார். ‘எவ்வளவு?’ என்று கேட்டு, கையோடு கணக்கும் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் முடியும். அப்படிச் சிலவற்றை இங்கே போட்டுப் பார்க்கலாம்.

முதலில் கிரகணத்து உலக்கை. பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் உலக்கையை நிறுத்தினால், கிரகண நேரத்தில் யாரும் பிடிக்காமலே நிற்கும், கிரகணம் விட்டதும் விழுந்துவிடும் என்பார்கள். ஒவ்வொரு கிரகணத்துக்கும் இந்தப் படம் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. கூடவே ஒரு விளக்கம்: சூரியனும் சந்திரனும் பூமியும் ஒரே கோட்டில் வருவதால் ஈர்ப்பு விசை மாறுகிறது.

உலக்கை நிற்பது உண்மை. சூரிய சந்திரர்களின் ஈர்ப்பு நம் மீது படுவதும் உண்மை, கடல் ஓதங்களே அதற்குச் சாட்சி. ஆனால் எவ்வளவு? பூமியின் ஈர்ப்பு முடுக்கம் வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர். சந்திரனும் சூரியனும் சேர்ந்து ஒரே திசையில் இழுக்கும்போது பூமிப் பரப்பில் ஏற்படும் ஓத விளைவு, அதில் ஏறக்குறைய 60 லட்சத்தில் ஒரு பங்கு. 3 கிலோ உலக்கையின் எடையில் அது அரை மில்லிகிராம் அளவுக்கு மாற்றம். ஒரு கொசு உலக்கை மேல் உட்கார்ந்தால் அதைவிடப் பெரிய மாற்றம் ஏற்படும். இதுவும் கிரகணத்துக்கு மட்டும் உரியதல்ல. எல்லா அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏறக்குறைய இதே அளவுதான். சந்திரனின் பாதை 5 பாகை சாய்ந்திருப்பதால் பெரும்பாலான அமாவாசைகளில் நிழல் பூமி மேல் விழாமல் தப்பிவிடுகிறது, வேறுபாடு அவ்வளவுதான்.

பிறகு உலக்கை எப்படி நிற்கிறது? 150 சென்டிமீட்டர் உயரம், அடிமுனையின் ஆரம் 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு மையம் நடுவில், 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். அந்த மையம் அடிமுனையின் விளிம்பைத் தாண்டி வெளியே போகாதவரை உலக்கை விழாது. 75-க்கு 3 என்ற விகிதம், கோணத்தில் சுமார் 2.3 பாகை. அதாவது உலக்கையின் உச்சி நேர்செங்குத்திலிருந்து 6 சென்டிமீட்டர் வரை நகரலாம். பொறுமையுள்ள கைக்கு இது தாராளமான இடம்.

கிரகணம் இல்லாத ஏதாவது ஒரு நாளில் செய்து பாருங்கள். மட்டமான சிமென்ட் தரையோ அடி வளையாத தாம்பாளமோ வேண்டும். இரும்புப் பூண் தட்டையாக இருக்கும் முனையைக் கீழே வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மார்பு உயரத்தில் இரண்டு கை விரல்நுனிகளால் மட்டும் பிடித்து, எந்தப் பக்கமும் சாயும் உணர்வு இல்லாத நிலை வரும்வரை மெல்ல அசைத்து, விரல்களை ஒரே நேரத்தில் விலக்க வேண்டும். சிறு பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், விழுந்தால் கால் போய்விடும். தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிற்கும். பூண் தேய்ந்து முனை குவிந்துபோன உலக்கை கிரகணத்தன்றும் நிற்காது. நின்ற உலக்கையை யாரும் தொடாமல் விட்டால் மறுநாளும் அங்கேயேதான் இருக்கும். சாதாரண நாளில் யாரும் உலக்கையை நிறுத்திப் பார்ப்பதில்லை என்பதால்தான் கிரகணத்துக்கு இந்தப் பெருமை வந்து சேர்ந்தது.

கிரகணத்தில் உண்மையிலேயே பயப்பட வேண்டியது ஒன்று உண்டு, அது கண். விழித்திரையில் வலி உணரும் நரம்புகள் இல்லை, அதனால் எரிந்துகொண்டிருக்கும்போது தெரியாது. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல், யாழ்ப்பாணம் வழியாகச் சென்றதுபோன்ற கங்கண கிரகணத்தில், சந்திரன் நடுவில் மறைத்திருக்கும்போதும் ஓரத்து வளையம் சூரியனின் முழுப் பிரகாசத்தோடுதான் இருக்கும். எக்ஸ்ரே ஃபிலிம், சி.டி., புகை பிடித்த கண்ணாடி, மஞ்சள் கரைத்த நீரில் தெரியும் பிம்பம் எதுவும் பாதுகாப்பு அல்ல. ஐ.எஸ்.ஓ. 12312-2 தரம் கொண்ட கிரகணக் கண்ணாடி வேண்டும். இல்லாவிட்டால் அட்டையில் ஊசித்துளை போட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, துளை வழியே தரையில் விழும் பிம்பத்தைப் பாருங்கள்.

விண்வெளி வீரர்கள் மிதப்பது ‘அங்கே ஈர்ப்பு இல்லாததால்’ என்பதும் அளவுப் பிழையே. சர்வதேச விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூமியின் ஆரம் 6371 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டி விகிதத்தை வர்க்கப்படுத்தினால் தரையில் உள்ள ஈர்ப்பில் 89 சதவீதம் அங்கேயும் இருப்பது தெரியும். நிலையமும் ஆட்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள். பக்கவாட்டில் வினாடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகம் இருப்பதால் அந்த விழுதல் பூமியைச் சுற்றி வளைந்து போகிறது.

அடுத்தது அரச மரம். ‘அரச மரம் இரவிலும் ஆக்சிஜன் தருகிறது, அதனால்தான் முன்னோர்கள் அதைச் சுற்றச் சொன்னார்கள்.’ துளசிக்கும் கற்றாழைக்கும் இதையே சொல்கிறார்கள், கற்றாழைத் தொட்டியைப் படுக்கையறைக்கு என்றே விற்கவும் செய்கிறார்கள். இதற்கு நேர் எதிரான இன்னொரு கருத்தும் கூடவே உலவுகிறது: இரவில் மரத்தடியில் படுத்தால் கரியமில வாயுவால் மூச்சு முட்டும்.

ஒளிச்சேர்க்கையில் வெளிவரும் ஆக்சிஜன், தண்ணீர் மூலக்கூறு உடைவதிலிருந்து வருகிறது. அதை உடைப்பது ஒளி. ஒளி இல்லாத இரவில் எந்த மரமும் ஆக்சிஜன் வெளியிட வழியில்லை. இதற்குள் ஒளிந்திருக்கும் உண்மைத் துணுக்கு என்னவென்றால், கள்ளி, அன்னாசி, கற்றாழை போன்றவை இலைத்துளைகளை இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்து மாலிக் அமிலமாகச் சேமிக்கின்றன. வெப்பமான பகலில் துளைகளைத் திறந்தால் நீர் ஆவியாகிவிடும் என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு. சேமித்ததை உடைத்து உணவாக்குவதும் ஆக்சிஜன் வெளிவருவதும் பகலில்தான். ‘இரவில் கரியமில வாயுவை எடுக்கும்’ என்பது வாய்மாறி ‘இரவில் ஆக்சிஜன் கொடுக்கும்’ என்று ஆகிவிட்டது.

இனி அளவு. தூங்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 250 மில்லிலிட்டர் ஆக்சிஜன் எடுத்து 200 மில்லிலிட்டர் கரியமில வாயு விடுகிறார். 8 மணி நேரத்துக்கு 120 லிட்டரும் 96 லிட்டரும். 3 மீட்டர், 3.5 மீட்டர், 3 மீட்டர் அளவுள்ள அறையில் 31,500 லிட்டர் காற்று இருக்கிறது, அதில் ஆக்சிஜன் மட்டும் சுமார் 6,600 லிட்டர். காற்றே புகாதபடி அடைத்துவிட்டாலும் விடியும்போது ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து 20.5-க்குத்தான் இறங்கும். கரியமில வாயுவோ 0.04-லிருந்து 0.34 சதவீதமாக ஏறிவிடும். காலையில் அறை புழுங்கி மந்தமாக இருப்பதற்கு இது பொருந்துகிறது, ஆக்சிஜன் குறைவு பொருந்தவில்லை. செடியின் பங்கு என்ன? இலைப்பரப்பு அரைச் சதுர மீட்டர் இருக்கும் தொட்டிச் செடி இரவு முழுக்கச் சுவாசித்து விடும் கரியமில வாயு, தாராளமாக மதிப்பிட்டாலும் அரை லிட்டரைத் தாண்டாது. பக்கத்தில் படுத்திருப்பவர் விடுவது 96 லிட்டர். செடி காப்பாற்றவும் இல்லை, கழுத்தை நெரிக்கவும் இல்லை. நல்ல காற்று வேண்டுமென்றால் ஜன்னலை ஒரு சாண் திறந்து வையுங்கள். அரச மரம் பகலில் தரும் நிழலும், பழம் தின்ன வரும் பறவைகளும் போதும் அதைப் போற்ற. பொய்யான காரணம் அதற்குத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

வாஷ்பேசினில் தண்ணீர் சுழலும் கதையில் உண்மைத் துணுக்கு மிக அழகானது. வட அரைக்கோளத்தில் இடஞ்சுழியாகவும் தென் அரைக்கோளத்தில் வலஞ்சுழியாகவும் தண்ணீர் இறங்கும் என்கிறார்கள். வங்காள விரிகுடாப் புயல்கள் இடஞ்சுழியாகச் சுழல்வது பூமியின் சுழற்சியால்தான். ஆனால் அந்தச் சுழற்சியின் பங்கு அட்சரேகையைப் பொறுத்தது. துருவத்தில் மணிக்கு 15 பாகை என்றால் 13 பாகை வடக்கில் இருக்கும் சென்னையில் மணிக்கு 3.4 பாகை. பேசின் அரை நிமிடத்தில் காலியாகிறது. அந்த நேரத்தில் கிடைக்கும் திருப்பம் ஒரு பாகையில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. குழாயைத் திறந்தபோது தண்ணீர் விழுந்த பக்கமும், கையை எடுத்த விதமும், பேசினின் கோணலும் அதைவிடப் பல மடங்கு பெரியவை. இடஞ்சுழியோ வலஞ்சுழியோ, அவைதான் தீர்மானிக்கின்றன. புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்தில் நாள்கணக்கில் சுழல்வது, அதனால் அங்கே அந்தச் சிறு விளைவு சேர்ந்து சேர்ந்து பெரிதாகிறது.

தொட்டியிலும் இந்த விளைவைப் பார்க்கவே முடியாதா? முடியும். 1962-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆஷர் ஷபீரோ செய்து காட்டினார். 1.8 மீட்டர் விட்டமுள்ள தட்டையான தொட்டி, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர், அடியில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துளை. தண்ணீரை வேண்டுமென்றே வலஞ்சுழியாக நிரப்பி, மூடி, ஒரு நாள் முழுக்க அசையாமல் விட்டார். அப்போதுதான் கடைசியில் இடஞ்சுழி தெரிந்தால், அது நிரப்பியபோது ஏற்பட்ட சுழற்சியின் மிச்சம் என்று யாரும் சொல்ல முடியாது. காலியாக 20 நிமிடம் ஆனது. முதல் 12 நிமிடமும் அதற்குச் சற்று மேலும் எதுவும் தெரியவில்லை, பிறகு மெல்ல இடஞ்சுழி தோன்றியது. 1965-இல் சிட்னியில் இதே சோதனையைச் செய்தபோது வலஞ்சுழி வந்தது. எவ்வளவு கவனம் எடுத்தால் இந்த விளைவு கண்ணுக்குத் தெரியும் என்பதே, வீட்டுப் பேசினில் அது தெரியாது என்பதற்குச் சரியான விடை.

கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் இருக்கிறது என்பதில் தூரம் மாறுவது உண்மை: ஜனவரி தொடக்கத்தில் 14.71 கோடி கிலோமீட்டர், ஜூலை தொடக்கத்தில் 15.21 கோடி. அருகில் இருப்பது ஜனவரியில், நாம் மார்கழிக் குளிரில் போர்த்திக்கொண்டிருக்கும்போது! தூர வேறுபாட்டால் கிடைக்கும் ஒளி 7 சதவீதம் மாறுகிறது. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால் ஏற்படும் மாற்றத்தோடு ஒப்பிட்டால் இது சிறியது. லண்டனில் நண்பகல் சூரியன் டிசம்பரில் 15 பாகை உயரத்தில், ஜூனில் 62 பாகையில். அதே அளவு தரையில் விழும் ஒளி 3 மடங்குக்கு மேல் வேறுபடுகிறது, பகலின் நீளம் தனி. சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஆண்டில் இருமுறை, ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும். அந்த நண்பகலில் நிமிர்ந்து நிற்கும் கம்பத்துக்கு நிழலே விழாது. ஆகஸ்டில் ஏன் கத்திரி வெயில் இல்லை என்று கேட்டால், அப்போது மேகமும் தரையின் ஈரமும் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் கோடை ஜனவரியில் வருவதால், அங்கே தூரக் கணக்கும் வெயிலும் தற்செயலாக ஒத்துப்போகின்றன. இந்தத் தவறான கருத்தை அங்குள்ள பிள்ளைகளிடமிருந்து எடுப்பது இன்னும் கடினமாக இருக்கும்.

சமையலறைக்கு வருவோம். உப்பு போட்டால் கொதிநிலை உயரும், அதனால் சீக்கிரம் வேகும் என்பதில் முதல் பாதி சரி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, 6 கிராம் உப்பு போட்டால் கொதிநிலை 0.1 டிகிரி செல்சியஸ் ஏறும். ஒரு டிகிரி ஏற்ற 57 கிராம் வேண்டும், அதை யாரும் வாயில் வைக்க முடியாது. பிரஷர் குக்கரோ கொதிநிலையை 120 டிகிரி அருகே கொண்டுபோகிறது. அந்த 20 டிகிரிதான் பருப்பை வேகவைக்கிறது. திறந்த பாத்திரத்தில் கொதி வந்த பிறகு தீயைக் கூட்டினால் வெப்பநிலை ஏறாது, ஆவி மட்டும் அதிகமாகும், எரிவாயு வீண். குக்கரிலும் முதல் விசிலுக்குப் பிறகு தீயைச் சிம்மில் வைத்து நிமிடத்தைக் கணக்கிடுங்கள். விசில் எண்ணிக்கை அடுப்பின் தீயையும் உள்ளே இருக்கும் நீரையும் பொறுத்து மாறும். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகத் தாமதமாவதும் இதே காரணத்தால்தான். ஆனால் புளி ஊற்றிய பிறகு காயும் பருப்பும் வேகாது என்று வீட்டில் சொல்கிறார்களே, அது முழுக்கச் சரி. செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் அமிலத்தில் எளிதாகக் கரையாது. பருப்பு மசிந்த பிறகே புளி சேர்க்க வேண்டும்.

கணக்கில் ‘எவ்வளவு?’ என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அங்கே வேறுபாடு சுழியா (0), சுழி இல்லையா என்பதுதான் விடை. பள்ளியில் பை என்றால் 22/7 என்று எழுதிப் பழகிய பலர், பை ஒரு விகிதமுறு எண், அதாவது பின்னமாகச் சரியாக எழுதிவிடக்கூடிய எண், என்று கடைசிவரை நம்புகிறார்கள். ஆரத்தை 7 என்றும் 14 என்றும் கொடுத்து, அடித்துச் சுருக்க வசதியாகக் கணக்கு அமைத்ததன் விளைவு இது. 22/7 என்பது 3.142857..., பை 3.141592... 7 மீட்டர் விட்டமுள்ள கிணற்றின் சுற்றளவில் 9 மில்லிமீட்டர் பிழை வரும், கொத்தனாருக்கு அது பொருட்டல்ல. பூமியின் சுற்றளவில் 16 கிலோமீட்டர் பிழை வரும். 22/7 பையைவிடப் பெரியது என்று ஆர்க்கிமிடீஸே காட்டிவிட்டார். 499-இல் ஆரியபட்டர் 62832-ஐ 20000-ஆல் வகுத்து 3.1416 தந்தபோது, அதை நெருங்கிய மதிப்பு என்றே குறிப்பிட்டார். பின்னமே வேண்டும் என்றால் 355/113 எடுத்துக்கொள்ளுங்கள், 6 தசம இடம் வரை சரியாக வரும். ஆனால் எந்தப் பின்னமும் பை ஆகாது, அதை 1760-களில் லாம்பர்ட் நிறுவினார். பாடப்புத்தகக் கணக்கில் சமக்குறி போடும் இடத்தில் தோராயக்குறி போடப் பிள்ளைகளைப் பழக்கினாலே பாதிக் குழப்பம் தீரும்.

இதற்கு எதிர்ப்பக்கம் 0.999... பார்த்தால் 1-ஐவிடக் கொஞ்சம் குறைவு போலத் தெரியும். எவ்வளவு குறைவு? பத்தாயிரத்தில் ஒன்று என்றால் ஐந்தாவது 9 அதைத் தாண்டிவிடும். கோடியில் ஒன்று என்றால் எட்டாவது 9 தாண்டும். எவ்வளவு சிறிய எண்ணைச் சொன்னாலும் வேறுபாடு அதைவிடச் சிறிது, எனவே வேறுபாடு சுழி. 0.999... என்பது 1-ஐ எழுதும் இன்னொரு முறை. ‘கடைசி 9-க்குப் பிறகு’ என்று பேச ஆரம்பித்தால்தான் தடுமாறுவோம், ஏனென்றால் கடைசி 9 என்று ஒன்று இல்லை.

0 இரட்டை எண், 1 பகா எண் அல்ல. இவற்றில் விவாதத்துக்கு இடமில்லை. 0-ஐ 2-ஆல் வகுத்தால் மீதி வராது. 1-ஐப் பகா எண்ணாகச் சேர்த்தால் 12-ஐ 2×2×3 என்று ஒரே வழியில் எழுத முடியாமல் போகும்.

கடைசியாக, வாழ்க்கையில் மிகவும் உதவக்கூடிய ஒன்று. ‘99 சதவீதம் துல்லியமான சோதனையில் பாசிட்டிவ் வந்தால் நோய் இருக்க 99 சதவீத வாய்ப்பு.’ படித்தவர்களும் இதைச் சரி என்பார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் நோய் என்று கொள்வோம். ஒரு லட்சம் பேரைச் சோதித்தால் நோயுள்ளவர் 100, அதில் 99 பேருக்குப் பாசிட்டிவ் வரும். நோயில்லாத 99,900 பேரில் ஒரு சதவீதம், 999 பேருக்கும் தவறாகப் பாசிட்டிவ் வரும். ஆக மொத்தப் பாசிட்டிவ் 1,098, அதில் உண்மை 99. வாய்ப்பு 9 சதவீதம்தான். இதே 1,098 பேரை அதே துல்லியமுள்ள இன்னொரு சோதனைக்கு அனுப்பினால் நோயுள்ளவர் 98, நோயில்லாதவர் 10 எஞ்சுவார்கள், வாய்ப்பு 91 சதவீதமாக ஏறும். ஆனால் இரண்டாவது சோதனை வேறு முறையில் இருக்க வேண்டும். முதல் சோதனையை ஏமாற்றியது ரத்தத்தில் உள்ள ஏதோ ஒரு பொருள் என்றால், அதே கிட்டை மறுபடி பயன்படுத்தும்போது அதே பொருள் மறுபடியும் ஏமாற்றும். இந்தியாவில் எச்.ஐ.வி. முதல் சோதனையில் பாசிட்டிவ் வந்தவருக்கு நோய் உறுதி என்று சொல்லும் முன், வேறு தன்மை கொண்ட இன்னும் 2 சோதனைகளைச் செய்வது இதனால்தான்.